மீன் சீரும் ஒரு கேள்வியும்
கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். வாழையிலை, முருங்கைக்காய், காபிப்பொடி எல்லாம் அங்கே கிடைக்கும். மீனும்தான்!

வங்காளக் கல்யாணத்தில், பெரிய ரோகு மீனுக்குப் புடவை சுற்றி, பொட்டு வைத்து, மணமகள் வீட்டுக்குச் சீராக அனுப்புவார்கள். பிராமணர் வீட்டிலும் அப்படித்தான். சைவமே ஆசாரம் என்று வளர்ந்தவருக்கு முதலில் தூக்கிவாரிப்போடும். பக்கத்து வீட்டாரை ஒதுக்குவது சுலபம். 'என் ஆசாரம் ஊர்ப் பழக்கம்தானோ?' என்று தன்னையே கேட்பது கஷ்டம். அப்படிக் கேட்பவரைத்தான் நான் பக்திமான் என்பேன்.

பாரதியாருக்கும் இப்படி ஒரு கேள்வி வாய்த்தது. தன்னைச் சந்திக்க வந்த அவரிடம் 'மனைவியை ஏன் அழைத்துவரவில்லை?' என்று கேட்டவர் சகோதரி நிவேதிதை. அந்தக் கேள்வி பெண்களைப் பற்றிய பாரதியாரின் பார்வையையே புரட்டிப்போட்டது. 1908-இல் வந்த 'ஸ்வதேச கீதங்கள்' நூலை நிவேதிதைக்கே சமர்ப்பணம் செய்தார்.