கொடை நிலைக்க வேண்டுமாயின்



2009ஆம் ஆண்டு மேத் திங்களில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. வன்னி மண்ணின் துயர் முடியவில்லை. பள்ளி செல்ல வேண்டிய அகவையில் பதுங்குகுழியில் கிடந்த தலைமுறை அது. பெற்றோரை இழந்தோர், கைகால் இழந்தோர், இடைநின்ற படிப்பைத் தொடர இயலாதோர் பல்லாயிரவர். அவர்களுக்கு நாம் செய்ததென்ன?

கொடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். புலம்பெயர்ந்த தமிழர் உழைத்து ஈட்டியதை அள்ளிக் கொடுத்தனர். ஆனால், தையற்பொறி கொடுத்தோம். தைத்ததை விற்க வழி காட்டினோமா? கோழிக்குஞ்சு கொடுத்தோம், அதற்கு நோய் வந்தால் கேட்டறிய ஆளைக் காட்டினோமா? ஒருநாள் விழாவும் ஒரு நிழற்படமும் ஓர் இளைஞனை நிமிர்த்தா. கைப்பொருள் கரைந்தபின் நுண்கடன்காரன் வாயிலில் வந்து நிற்கிறான்.

நிலைத்த கொடைக்கு ஈழத்திலேயே சான்று உண்டு. 1921இல் பொன்னம்பலம் இராமநாதன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பரமேசுவரக் கல்லூரியை நிறுவினார். 1974இல் அவ்விடத்தில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தோன்றிற்று. ஒருவர் இட்ட வித்து அரை நூற்றாண்டு கழித்து ஓர் இனத்தின் அறிவகமாயிற்று!

அப்பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் புலமும் பொறியியற் புலமும் இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகமோ 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அறிவு வன்னியின் வாயிலுக்கு வந்துவிட்டது. குடிலுக்குள் இன்னும் நுழையவில்லை. உயர்தரத் தேர்வில் தேறாதவனுக்கு அங்கே பட்டப்படிப்பு இல்லை. தேறியவனுக்கும் வேளாண்மைப் பாடம் ஆங்கிலத்தில்! இரணைமடு நீரில் நெல் விளைப்பவன் மகன், தன் மண்ணின் இயல்பைத் தன் மொழியில் கற்கக் கூடாதா? 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். தமிழில் நூல்களும் ஆக்கினார். அயலவருக்கு இயன்றது நமக்கு இயலாதா?

எனவே மூன்று பணிகளை வேண்டுகிறேன். ஒன்று: வேளாண்மை, கால்நடை வளர்ப்பு, நீரிறைக்கும் பொறி பழுதுபார்த்தல் முதலியவற்றைப் பட்டம் நாடாத ஊர்ப்புற இளைஞர்க்குப் பல்கலைக்கழகங்கள் நல்ல தமிழில் ஓராண்டுப் பயிற்சியாகக் கற்பிக்கட்டும். இரண்டு: பயிலும் காலம் முழுதும் அவர்தம் குடும்பத்தின் உணவுச் செலவைக் கொடையாளர் ஏற்கட்டும், நாட்கூலியை இழப்பவன் படிப்பைப் பாதியில் விடுவான். மூன்று: பயிற்சி முடிந்தபின் ஈராண்டுக்கு ஆசிரியர் ஊர்தேடிச் சென்று துணைநிற்கட்டும்; அவர்தம் வழிச்செலவும் கொடையில் அடங்கட்டும்.

உழைக்கத் தோள் உண்டு. விளையும் நிலம் உண்டு. கற்பிக்க மொழி உண்டு. இம்மூன்றையும் இணைப்பதற்குக் கொடுங்கள்!

வெல்க தமிழ்!