வீட்டுக் காருக்கு வேண்டிய கைக்கருவிகள்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னை அழைத்தபோது, "மாமா, முப்பது வருஷம் டூல் ரூமில் இருந்தவர் நீங்கள். ஆத்துக் காருக்கு என்னென்ன ஸ்பேனர் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அரை மணி பேசுங்களேன்" என்றார். பென்ஷன்காரனைப் பேசக் கூப்பிட்டால் மறுப்பானா? ஒப்புக்கொண்டேன். ஆனால் இது மெக்கானிக் ஆவதற்கான வகுப்பு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம்மில் பலர் வேலை நிமித்தம் ஊர் ஊராக வந்து சேர்ந்தவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் இருவர், கீழே ஒரு கார். அது வாரம் ஒருமுறை கோவிலுக்கும் மாதம் ஒருமுறை டாக்டரிடமும் போகும். ஓடாத காருக்குத்தான் உபத்திரவம் அதிகம். பாட்டரி இறங்கும், டெர்மினலில் உப்புப் பூக்கும், டயரில் காற்றுக் குறையும். இதற்கெல்லாம் ஆள் கூப்பிட்டு, அவர் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, நாமே கால் மணியில் முடித்துக்கொள்ளலாம். பாட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்வது, ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், வைப்பர், பல்ப், ஸ்பார்க் பிளக், ஸ்டெப்னி மாற்றுவது, இவ்வளவுதான் நான் சொல்லும் எல்லை. பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் பைப் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். மஞ்சள் உறை போட்ட வயர் பெரும்பாலும் ஏர்பேகுக்குப் போவது. ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் உயர் அழுத்த மின்சாரம். இந்த இரண்டு நிறமும் கண்ணில் பட்டால் பானெட்டை மூடிவிட்டு உள்ளே போய்க் காபி சாப்பிடுங்கள்.

சரி, கருவிகளுக்கு வருகிறேன். கடைக்குப் போனால் முதலில் காட்டுவது ஒரு பளபளப்பான சூட்கேஸ். உள்ளே நூறு சாமான், நூற்றிருபது சாமான். பிள்ளைகள் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுப்பதும் இதைத்தான். எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் திருப்புளியின் குட்டி முனைகள். நாலு, நாலரை, ஐந்து மில்லிமீட்டர் சாக்கெட்டுகள் வேறு. காரில் அவற்றுக்கு வேலையே இல்லை. எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவது, கல்யாணச் சமையலுக்குக் கரண்டியை எண்ணி ஆள் பேசுவது போலத்தான்.

உங்கள் காருக்கு எந்த அளவு வேண்டும் என்று தெரிந்துகொண்டு பிறகு கடைக்குப் போங்கள். இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. அம்பாஸடர் வைத்திருந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். நாலைந்து பேர் இருக்கிறீர்கள், சந்தோஷம். அந்தக் கார் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வம்சம். பழைய அம்பாஸடரின் நட்டெல்லாம் அங்குல அளவு: 7/16, 1/2, 9/16. ஃபியட் வழி வந்த பத்மினிக்கு மில்லிமீட்டர். 1/2 அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 நம்பர் ஸ்பேனர் அதில் நுழையும், ஆனால் தொளதொளவென்று இருக்கும். நாலு தரம் திருகினால் நட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாகிவிடும். 3/4 அங்குலமோ 19.05 மில்லிமீட்டர், அதற்கு 19 நம்பர் கச்சிதமாகப் பொருந்தும். பரணில் அப்பா வைத்துவிட்டுப் போன ஸ்பேனர் மூட்டை இருந்தால், நம்பரைப் பார்த்துப் பிரித்து வையுங்கள். பின்னமாக எழுதியிருந்தால் அங்குலம். பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் இன்றைய காருக்கு எடுக்காதீர்கள்.

1983-இல் மாருதி 800 வந்தபோது ஜப்பானிய வழக்கமும் கூடவே வந்தது. மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 10, 12, 14, 17, 19. இந்த ஐந்தில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். அதிலும் 10-தான் வீட்டுக்குப் பெரிய பிள்ளை மாதிரி, எல்லாவற்றுக்கும் அவனைத்தான் கூப்பிட வேண்டும். பாட்டரி டெர்மினலுக்கு, ஃபில்டர் பெட்டிக்கு, இன்னும் பல மூடிகளுக்கு. ஜெர்மன் வழி வந்த ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்றால் 12, 14-க்குப் பதிலாக 13, 16 கேட்கும். ஆறு முனை நட்சத்திர வடிவத்தில் டார்க்ஸ் என்று ஒரு தலை உண்டு, அதற்கான சாவியும் வேண்டும். சக்கர நட்டுக்கு மாருதியில் பெரும்பாலும் 19, ஹூண்டாயில் 21. ஸ்பார்க் பிளக் பழைய கார்களில் 20.8, புதியவற்றில் பெரும்பாலும் 16. கையேட்டைப் புரட்டிக் காரிலும் ஒருமுறை வைத்துப் பார்த்து, ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு பிறகு கிளம்புங்கள்.

கடைகளில் டி.இ. ஸ்பேனர் என்று கொடுப்பது இரண்டு பக்கமும் வாய் திறந்தது. 10-க்கு மறுமுனையில் 11, 12-க்கு 13, 14-க்கு 15 என்று ஜோடி ஜோடியாக வரும். இதில் ஒரு சூட்சுமம். போல்ட்டின் தலை 12, மறுபக்கம் நட்டும் 12 என்று இருந்தால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும், அதாவது ஒரே அளவில் இரண்டு ஸ்பேனர். டி.இ. செட்டில் ஒவ்வொரு அளவும் ஒன்றுதான். ஆகவே நான் சிபாரிசு செய்வது கம்பைனேஷன் ஸ்பேனர். ஒரு முனை வாய், மறு முனை வளையம், இரண்டும் ஒரே அளவு. இறுகிய நட்டை வளையத்தால் தளர்த்தி, பிறகு வாயால் சுற்றலாம். கூடச் சாக்கெட்டும் இருந்தால் ஒரே அளவில் இரண்டு கிடைத்துவிடும்.

சாக்கெட்டின் உட்புறத்தைப் பாருங்கள். ஆறு மூலை உண்டு, பன்னிரண்டு மூலை உண்டு. பன்னிரண்டு என்றால் உசத்தி என்று நினைக்க வேண்டாம். துருப்பிடித்த நட்டை ஆறு மூலைதான் நன்றாகக் கவ்வும். ராட்செட் கைப்பிடி நம் ஊர்க் கடைகளில் 1/2 அங்குலச் சதுரத்தில் எளிதாகக் கிடைக்கும். அது சக்கரத்துக்குச் சரி. பானெட்டுக்கு அடியில் இருக்கும் 10 நம்பர் தலைகளுக்கு உள்ளே இருப்பது எம்-6 என்ற ஆறு மில்லிமீட்டர் போல்ட். நீண்ட கைப்பிடியால் ஒரு தம் பிடித்தால் கழுத்து ஒடிந்து கையோடு வந்துவிடும். அங்கே 3/8 அங்குலக் கைப்பிடியே மேல். இரண்டும் வாங்க வசதியில்லை என்றால் 3/8 செட்டும், சக்கரத்துக்குத் தனியாக ஒரு கம்பியும் சாக்கெட்டும் போதும்.

திருப்புளியில் தட்டை முனை இரண்டு, நட்சத்திர முனை இரண்டு. ஒரு கொம்பு குறடு, ஒரு மூக்குக் குறடு. குறட்டால் நட்டைத் திருகவே கூடாது. இதை நான் எத்தனை தரம் சொன்னாலும், கையில் குறடு இருக்கும்போது மனுஷ சுபாவம் கேட்காது. வாயைத் திருகிச் சிறிதும் பெரிதுமாக்கும் ஸ்க்ரூ ஸ்பேனரையும் குழாய் வேலைக்கு விட்டுவிடுங்கள்.

தரத்தை எப்படிப் பார்ப்பது? குரோம் வனேடியம் என்று எழுத்துப் பொறித்திருப்பதை நம்பாதீர்கள், பொறிப்பதற்குச் செலவில்லை. கடைக்குப் போகும்போது புது எம்-6 போல்ட்டும் எம்-8 போல்ட்டும் சட்டைப்பையில் கொண்டு போங்கள். 10 நம்பரை எம்-6 தலையில் மாட்டி இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். பிடிப்பதற்கு முன் நிறைய ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ராட்செட்டைக் காதருகே வைத்து மெதுவாகச் சுற்றினால் சத்தம் சீராக, நெருக்கமாக வர வேண்டும். நாசிக்கில் செய்யும் தபாரியா, பஞ்சாபில் ஜலந்தர், லூதியானா பக்கத்து நல்ல கம்பெனிச் சரக்கு, இவை நம் உபயோகத்துக்குத் தாராளம். வெளிநாட்டுச் சாமான் அவசியமில்லை.

இனி சக்கரம். இதில்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. போன வருஷம் என் அண்ணா பெண் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் பங்க்சராகி நின்றாள். கூட அவள் மாமியார். ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக் இருக்கிறது, அவளுக்கு மாற்றவும் தெரியும். நட்டு அசையவில்லை. கம்பியின் மேல் ஏறி நின்றே பார்த்திருக்கிறாள். இரண்டு நாள் முன்புதான் சர்வீஸ் விட்டு எடுத்த கார். எந்த ஒர்க்‌ஷாப் என்பது இங்கே வேண்டாம். அங்கே காற்றுத் துப்பாக்கியால் நட்டை 'டர்ர்' என்று ஓட்டி இறுக்கியிருக்கிறார்கள். இருட்டும் நேரத்தில் ஒரு லாரி டிரைவர் நிறுத்தி, தன் நீளக் கம்பியால் கழற்றிக் கொடுத்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் தொண்டையில் தண்ணீர் இறங்கவில்லை.

கணக்கைப் பார்ப்போம். சிறிய கார்களின் சக்கர நட்டு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கேட்கும். சரியான எண் உங்கள் கார் கையேட்டில் இருக்கும். காரோடு வரும் கம்பி கால் மீட்டர் என்றால், அதன் நுனியில் 40 கிலோ எடை வேண்டும். அரை மீட்டர்க் கம்பியில் 20 கிலோ போதும். துப்பாக்கிக்காரர் இரண்டு பங்கு இறுக்கிவிட்டால் குட்டைக் கம்பியில் 80 கிலோ. எங்கள் பெண்ணின் எடையே 52! ஆகவே அரை மீட்டர் நீளமுள்ள கம்பி ஒன்றும், உங்கள் நட்டுக்குச் சரியான ஆறு மூலைச் சாக்கெட் ஒன்றும் டிக்கியில் நிரந்தரமாக இருக்கட்டும். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் இதை வாங்குங்கள். சர்வீஸ் முடிந்து கார் வந்த மறுநாள் காலை, ஒவ்வொரு நட்டாக ஒருமுறை தளர்த்தி, டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு இறுக்கிவிடுங்கள். மாற்றும்போதும், சக்கரம் தரையில் இருக்கையிலேயே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக் ஏற்றுங்கள். இறுக்குவது எதிரெதிராக.

டார்க் ரெஞ்ச் என்பது வைத்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் கருவி. விலை சற்று அதிகம். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி முறை வைத்துக்கொள்ளலாம். அதை நட்டைக் கழற்ற உபயோகிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

ஜாக் என்பது டயர் மாற்ற மட்டும். ஜாக் மட்டும் தாங்கும் காருக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எதிர்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். அந்த முட்டுக்குச் செங்கல் சரி. காரைத் தாங்குவதற்குச் செங்கலோ ஹாலோ பிளாக்கோ கூடவே கூடாது, நொறுங்கும்போது முன்னறிவிப்புக் கொடுக்காது. கீழே விழுந்த ஒரு நட்டை எடுக்கக் குனிவதானாலும் இரும்பு ஸ்டாண்ட் ஒரு ஜோடி இருந்தால்தான். இல்லையென்றால் துடைப்பக் குச்சியால் தள்ளி எடுங்கள். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

பாட்டரியில் கை வைக்குமுன் மோதிரம், கடிகாரம், கைச்சங்கிலி எல்லாம் கழற்றிவிட வேண்டும். தங்கம் மிக நல்ல மின்கடத்தி. பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டிக்கொண்டால் நொடியில் விரல் வெந்துவிடும். கழுத்துச் சங்கிலியையும் பூணூலையும் பனியனுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். முதலில் நெகடிவைக் கழற்றுவது, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுவது. காரின் உடம்பு முழுக்க நெகடிவ்தான். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் எங்கே இடித்தாலும் பொறி பறக்கும். டெர்மினலில் பூத்த உப்புக்கு மாமிகளிடம் மருந்து இருக்கிறது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தால் போதும். கரைசல் பாட்டரிக்குள் இறங்கக் கூடாது. ஒரு சாதாரண மல்டிமீட்டரும் வாங்கி வையுங்கள். இரவு முழுக்க நின்ற கார் 12.6 வோல்ட் காட்டினால் பாட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் வெளியூர்ப் பயணத்துக்கு முன் பார்த்துவிட வேண்டும்.

மழைக்காலத்தில் கருவிகள் துருப்பிடிக்கும். மும்பை, சென்னை, கொச்சிக்காரர்களுக்கு வருஷம் பூராவும். துடைத்து மெல்லிய மெஷின் ஆயில் தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். சரஸ்வதி பூஜையன்று காருக்கு மட்டும் சந்தனம், குங்குமம் இட்டுவிட்டு ஸ்பேனர் பெட்டியை டிக்கியிலேயே விட்டுவிடுகிறோம். ஆயுத பூஜை என்று பெயர் வைத்துவிட்டு இது என்ன நியாயம் என்று எனக்கு வெகு நாளாக ஒரு குறை. வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்தால் எது தொலைந்தது என்றாவது தெரியும்.

எங்கே வாங்குவது என்று சிலர் முன்கூட்டியே கேட்டார்கள். மும்பையில் நாக்தேவி தெரு, டில்லியில் காஷ்மீரி கேட், பெங்களூரில் ஜே.சி. ரோடு, எஸ்.பி. ரோடு, செகந்திராபாதில் ராணிகஞ்ச், சென்னையில் ஜி.பி. ரோடு. மாலில் வாங்குவதைவிட இந்தக் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கலாம். சட்டைப்பை போல்ட்டை எடுத்து அளந்து பார்த்தால் கடைக்காரரும் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார். இணையத்தில் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இதே பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

என் பெட்டியைக் கொண்டு வந்து அந்த மேஜை மேல் வைத்திருக்கிறேன். எடுத்துப் பாருங்கள், திருகிப் பாருங்கள். கீழே என் காரும் நிற்கிறது. மாமிகள் யாராவது நீளக் கம்பியால் சக்கர நட்டைத் தளர்த்திப் பார்க்க விரும்பினால், டிபன் ஆனதும் வாருங்கள், ஒவ்வொருவராகச் செய்து பார்க்கலாம்.