விலைக்குறைப்பும் வணிக நேர்மையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பெரிய நிறுவனங்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் இடையே நிகழும் போட்டியைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தனர். பெரியது என்பதனாலேயே ஒரு நிறுவனம் தீயதாகிவிடாது. சிறியது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடவும் முடியாது. அவ்வாறாயின், இரண்டும் மோதும்போது அப்போட்டி நேரியதா என்பதை எதைக்கொண்டு அளப்பது? இன்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இதுவே.

முதற்கண் தூத்துக்குடியைக் காண்போம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கோலோச்சிய காலம் அது. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரனாரின் பெருமுயற்சியால் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு பெற்றது. அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தொடக்கத்தில் வாடகைக் கப்பல்களை நம்பியிருந்த அக்கம்பெனி, 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைச் சொந்தமாக்கிக்கொண்டது.

ஆங்கிலக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. அதன்பின் ஆங்கிலக் கம்பெனியார் கட்டணமே வேண்டா என்றதோடு, பயணிகளுக்குக் குடையொன்றும் இலவசமாக அளிக்க முன்வந்தனர் என்பர். பல கடல்வழிகளில் பொருளீட்டிய அவர்களுக்கு ஒரு வழியில் நேரும் இழப்பு பெரிதன்று. பெரும்பாலும் அந்த ஒரு வழியையே நம்பியிருந்த சுதேசிக் கம்பெனிக்கோ, ஒவ்வொரு பயணமும் மூலதனத்தை அரித்தது. ஆட்சியும் எதிர்நின்றது. 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இதற்கு மாறான வரலாறு ஒன்று அகமதாபாத்தில் நிகழ்ந்தது. குஜராத் அரசுப் பணியில் இருந்த வேதியியலாளர் கர்சன்பாய் படேல், 1969-இல் தம் வீட்டிலேயே சலவைத்தூள் தயாரித்தார். மிதிவண்டியில் வைத்து வீடுவீடாகச் சென்று விற்றார். மகளின் பெயரையொட்டி அதற்கு நிர்மா என்று பெயரிட்டார். இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் சர்ஃப் தூள் அதைப்போல் மும்மடங்குக்கும் மேற்பட்ட விலையில் விற்றுவந்தது. விளம்பரச் செலவும் வாணிகப் படையும் பகட்டான பெட்டியும் இல்லாமையால், குறைந்த விலையிலும் படேலுக்குச் சிறிது இலாபம் நின்றது. துணிக்கும் கைக்கும் அத்தூள் சற்றுக் கடுமையானது என்ற குறை உண்டு. ஆயினும் அதுவரை சவர்க்காரக் கட்டியையே நம்பியிருந்த எளிய குடும்பங்கள் தூளை வாங்கத் தலைப்பட்டன.

பெரிய நிறுவனம் முதலில் விளம்பரத்தால் மறுமொழி கூறியது. மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்று தொலைக்காட்சியில் லலிதாஜி எடுத்துரைத்ததை இங்குள்ள தாய்மார்கள் சிலர் நினைவு கூரலாம். பின்னர் அந்நிறுவனம் அதே எளிய குடும்பங்களுக்கென வீல் என்னும் மலிவுத் தூளைக் கொண்டுவந்தது. இப்போட்டியில் இரு நிறுவனங்களும் நிலைத்தன. பயன் மக்களுக்குக் கிடைத்தது.

இரண்டு இடங்களிலும் விலை குறைந்தது. ஆயினும் ஒன்று செலவைக் குறைத்ததனால் வந்த குறைப்பு. மற்றொன்று எதிரியை வீழ்த்துவதற்காகத் தாங்கிக்கொண்ட இழப்பு. இவற்றைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: எதிரி சந்தையை விட்டு அகன்ற பின்னும் இந்த விலை நிற்குமா?

நம் நாட்டின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும் இவ்வேறுபாட்டை ஏற்கிறது. சந்தையில் ஆதிக்க நிலையிலுள்ள நிறுவனம், போட்டியாளரை ஒழிக்கும் நோக்குடன் அடக்கவிலைக்கும் கீழே விற்பதை அதன் 4-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் ஆதிக்க நிலை என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் இலவசச் சேவையுடன் கைப்பேசித் துறையில் நுழைந்தபோது ஏர்டெல் நிறுவனம் முறையிட்டது. புதிதாக வந்த ஜியோ அச்சந்தையில் ஆதிக்க நிலையில் இல்லை என்று கூறி, போட்டி ஆணையம் 2017-இல் அம்முறையீட்டைத் தள்ளியது. இணையம் மலிவாகி, சிற்றூர் மாணவர்க்கும் எட்டியது. அந்நன்மையை மறுத்தல் தகாது. அதே வேளையில், கடன்சுமையும் சேர்ந்து அழுத்த, தமிழகத்தில் பலரும் பயன்படுத்திய ஏர்செல் 2018-இல் திவால் நடைமுறைக்குச் சென்றது. எஞ்சிய மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் 2024 ஜூலையில் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. சட்டம் எட்டாத இடத்தில் நம் விழிப்புணர்வே துணை.

நம் குடும்பங்களில் கடை நடத்துவோர் உளர். பெரிய நிறுவனங்களில் பணியாற்றும் இளைஞர் உளர். வாங்குவோராக நாம் அனைவரும் உளோம். கடை நடத்துவோர் ஆழமான பணப்பையோடு விலைப்போரில் இறங்கலாகாது. சரியான எடை, சொன்ன சொல் தவறாமை, விற்ற பொருளுக்குப் பொறுப்பேற்றல், பலர் கூடி மொத்தமாகக் கொள்முதல் செய்தல் ஆகியவையே அவர்தம் வலிமை. உணர்ச்சியை மட்டும் நம்பிக் கடை நடத்த இயலாது என்பதற்குத் தூத்துக்குடியே சான்று. நாட்டுப்பற்று மிக்க அந்நாளிலும் இலவசப் பயணம் மக்களை ஈர்த்தது.

நிறுவனங்களில் உயர்பொறுப்பு வகிக்கும் இளைஞர்களே! சலுகைத் திட்டம் ஒன்றை வகுக்கும் நாளில், அது யாருக்குப் பயன்படும், எத்தனை நாளைக்கு என்று அக்கூட்டத்திலேயே கேளுங்கள். கேட்பவர் ஒருவராவது இருத்தல் நன்று.

வாங்குவோர்க்கும் ஒரு சொல். இரக்கத்தால் சிறு கடையை ஆதரிக்க வேண்டுவதில்லை. விலையும் தரமும் நேர்மையும் ஒத்திருக்குமிடத்து, தெருக்கோடிக் கடைக்கும் நம் பணத்தில் ஒரு பங்கு செல்லட்டும். இரண்டு கடைகள் திறந்திருக்கும் தெருவில்தான் வாங்குபவர்க்கு மதிப்பு உண்டு.