ரத்தம் கொடுக்க வேண்டியது அக்கம்பக்கத்தார்
(சோழவந்தானில் நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)



செயலாளர் என்னை வரவு செலவு பற்றிப் பேசச் சொன்னார். அதைத்தான் பேசப்போகிறேன். ஆனால் இது ரத்தத்தின் வரவு செலவு.

என் தங்கை மகளின் பையனுக்கு ஏழு வயது. காலில் நீலம் நீலமாகத் திட்டுகள் வந்தன. எங்கேயோ விழுந்திருப்பான் என்று இருந்துவிட்டோம். பிறகு பல் தேய்த்தால் ரத்தம், விடாத காய்ச்சல். மதுரையில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, ஏபிளாஸ்டிக் அனீமியா என்றார்கள். புற்றுநோய் அல்ல. எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது.

எனக்குப் புரிந்தது இப்படி: கணக்கில் வரவு நின்றுவிட்டது, பற்று மட்டும் நடக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் தாங்கும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு, அதாவது பிளேட்லெட், சுமார் 10 நாள்தான். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து குவித்தோம். இரும்புச்சத்துக் குறைவு என்றால் அது உதவும். இதற்கு உதவாது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஏன் வந்தது என்று சொல்ல முடிவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மஜ்ஜையைத் தாக்குகிறது என்கிறார்கள். பார்க்க வந்தவர்களோ, "என்ன கொடுத்தீங்க, வயல் மருந்து பட்டுச்சா" என்று கேட்டார்கள். ஒவ்வொருவர் போன பிறகும் அவள் என்னிடம், "நான் என்ன தப்புப் பண்ணினேன் மாமா?" என்பாள். அந்தக் கேள்வியைத் தயவுசெய்து யாரிடமும் கேட்காதீர்கள்.

உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் மாற்று சிகிச்சை செய்யலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே டாக்டர் மாமன் சாண்டி தலைமையில் மஜ்ஜை மாற்று தொடங்கிவிட்டது. ஆனால் ஒரு உடன்பிறப்பு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். இவனுடைய அக்காவுக்குப் பொருந்தவில்லை. அதனால் குதிரையிடமிருந்து தயாரிக்கும் ஏ.டி.ஜி. ஊசியும் சைக்ளோஸ்போரினும் கொடுத்தார்கள். அது வேலை செய்கிறதா என்று தெரியவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை ஏற்றுகிற ரத்தத்தில்தான் உயிர்.

அப்பா, சித்தப்பா எல்லாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். "உறவுக்காரர்கள் வேண்டாம்" என்றார் டாக்டர். பின்னால் அவர்களில் ஒருவரின் மஜ்ஜையே தேவைப்படலாம். முன்பே அவர்கள் ரத்தத்தை ஏற்றியிருந்தால் பையனின் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடும். ஆக, வேண்டியது அந்நியர் ரத்தம். அதாவது, பக்கத்து வீட்டுக்காரர்.

எடுத்த தட்டணு 5 நாளுக்கு மேல் தாங்காது. சேர்த்துவைக்க முடியாது, ஆள்தான் தயாராக இருக்க வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்கள் மூன்று நாள் பொறுக்க வேண்டும். மஜ்ஜைக் கொடையாளராகப் பதிய, சென்னையில் 2009 முதல் தாத்ரி பதிவகம் இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுப்பதுதான் முதல் சோதனை.

பையனுக்கு இப்போது ஐந்தாவது மாதம். பிளேட்லெட் ஏற்றும் இடைவெளி சற்று நீண்டிருக்கிறது.

வாட்ச்மேன் அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், ரத்த வகை, கைபேசி எண் எழுதுங்கள். முதல் பெயர் என் மகனுடையது. அவன் இந்தப் பையனுக்குக் கொடுக்க முடியாது. வேறு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கட்டும்.