மதிகெட்டான் சோலை

(பொன்விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



"சாமி, இன்றைக்கு ஒருநாள் மட்டும் பிரசங்கம் வேண்டாம். சிரிக்கும்படியாக ஏதாவது சொல்லுங்கள்" என்று விழாக்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ஐம்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் கேட்ட பங்கு வைக்கும் நியாயமான வேண்டுகோள் அது. ஆகையால் ஒரு காட்டைப் பற்றிப் பேசப்போகிறேன்.

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு சோலை உண்டு. அதன் பெயர் மதிகெட்டான் சோலை. நம் முன்னோர் ஊர்களுக்குப் பெயர் வைத்தபோது நல்லூர் என்றும் மங்கலம் என்றும் வாய் மணக்க வைத்தார்கள். இந்தக் காட்டுக்கு மட்டும் ஏனோ இப்படி வைத்துவிட்டார்கள். நல்லவேளையாக அது காடாகவே நின்றுவிட்டது. ஊராகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். "மாப்பிள்ளைக்கு எந்த ஊர்?" "மதிகெட்டான்." பெண் கொடுக்க யார் முன்வருவார்கள்? ஞானஸ்நானப் பதிவேட்டில் 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் அதை எழுத என் பேனாவே கூசியிருக்கும்.

குருமடத்தில் எங்களுக்குத் தமிழ் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார்கள். 'கெட்டான்' என்பது ஆண்பால் வினைமுற்று. மதி கெட்டவன் ஆண்தான் என்று காடே சான்று கூறுகிறது. 'மதிகெட்டாள் சோலை' என்று தமிழ்நாட்டில் ஒன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. (தாய்மார்கள் பக்கம் இப்போது கேட்கும் சிரிப்பை நான் கவனிக்காமல் இல்லை.) மதி என்றால் நிலவும்தானே! கிளைகள் பின்னிக் கிடக்கும் அந்தச் சோலைக்குள் நின்றால் நிலவு கண்ணில் படாது. அதைத்தான் அப்படிச் சொன்னார்களோ என்று நான் சிலகாலம் வாதாடிப் பார்த்தேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மலைவாசிகள் சொல்லும் காரணம் மிகவும் எளிது. உள்ளே போனவன் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றிப் புத்தி பேதலித்துப் போவான். திகைப்பூண்டை மிதித்தால் திசை மறக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்தப் பூண்டு இங்கேதான் முளைக்கிறது என்பாரும் உண்டு. இதையெல்லாம் மூட நம்பிக்கை என்று ஒதுக்கிய ஒரு குருமாணவனை எனக்கு நன்றாகத் தெரியும். அது நான்தான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. விடுமுறைக்கு மலையேறியிருந்தோம். தத்துவ இயல் படித்துக்கொண்டிருந்த காலம்; உலகில் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு. சாலையோரம் நின்ற முதியவர் ஒருவர், "உள்ளே போகாதீங்க சின்னச் சாமிகளா" என்றார். நாங்கள் மூவர் அவருக்கு அரிஸ்டாட்டிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனோம். பத்து நிமிடத்தில் சாலை மறைந்தது. அரைமணி நேரத்தில் அரிஸ்டாட்டிலும் மறைந்தார். பாசி போர்த்திய ஒரு கோணல் மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு நடந்தோம். அதே மரம் நான்கு முறை எதிரே வந்தது. பிற்பாடு யோசித்தால் அவை நான்கு வேறு மரங்களாகவும் இருக்கலாம். காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தரும் பதுவைப் புனித அந்தோனியாரை மன்றாடினோம். "நாம் காணாமற்போன பொருளா, தேடுகிற ஆளா?" என்று ஒருவன் கேட்டான். அந்த நிலையிலும் மற்றவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் மரம் ஏற்றிப்போன ஒரு லாரியின் ஹாரன் ஓசைதான் எங்களைச் சாலைக்கு இழுத்து வந்தது. இதற்கிடையில் நாற்பது பேருக்குமான புளிச்சாதக் கூடை என் தோளிலேயே இருந்தது. ஏரிக்கரையில் பசியோடு காத்திருந்தவர்கள் எனக்கு வைத்த பெயரை நான் சொல்லத் தேவையில்லை.

வழி தவறுவதற்குப் பூண்டு எதுவும் வேண்டியதில்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உயர்ந்த மலைகளில் புல்வெளிகளுக்கு நடுவே, பள்ளத்தாக்கு மடிப்புகளில் மட்டும் வளரும் காடு இது. மரங்கள் குட்டையாகவும் முறுக்கிக்கொண்டும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். மேலே கூரை போட்டதுபோல் இலை. சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியாது. மூடுபனி இறங்கினால் பக்கத்திலிருப்பவன் முகமும் தெரியாது. ஆங்கிலேயர் இந்தக் காட்டுக்குப் பெயர் தேடி, நம் 'சோலை'யையே எடுத்துக்கொண்டு 'ஷோலா' என்று எழுதினார்கள். இன்று நம் பிள்ளைகள் அதையே திருப்பி வாங்கி 'ஷோலாக் காடு' என்கிறார்கள். கடன் கொடுத்த பாத்திரம் நசுங்கித் திரும்பி வந்த கதைதான்.

இதே பெயரில் இன்னொரு சோலையும் இருக்கிறது. போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பூப்பாறைப் பக்கம். அங்கும் இதே கதைதான் சொல்லப்படுகிறது. பெயரைக் கேட்டு அஞ்சியவர்கள் வெளியே நின்றார்கள், காடு பிழைத்தது. பிறகு அஞ்சாதவர்கள் வந்தார்கள். திசை மறக்காதவர்கள், அளவுகோல் தெரிந்தவர்கள். ஏலக்காய்க்கென்று சோலை நிலம் வளைக்கப்பட்ட விவகாரம் 2002-ஆம் ஆண்டில் கேரளம் முழுவதும் பேசப்பட்டது. 2003-இல் அரசு அந்த 12.82 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. முன்பு ஒரு பெயர் செய்துவந்த காவலை இப்போது சட்டம் செய்யவேண்டியிருக்கிறது. மதிகெட்டான் என்று பெயர் வைத்த அந்தப் படிக்காத மனிதனை நான் இப்போது கிண்டல் செய்வதில்லை.

நம் பக்கத்து மலையில் நேர்ந்தது வேறு. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை மரமும் யூகலிப்டஸும் பழனி மலைப் புல்வெளிகளில் பரவிவிட்டன. எங்களைக் காப்பாற்றிய லாரியில் இருந்ததும் சீகைக் கட்டைதான். ஆகவே அதை நான் முழுவதும் திட்ட முடியாது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் தாவரச் சேகரிப்பகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு மாத்யூ அடிகளார், கொடைக்கானலில் குடியேறிய அயல்நாட்டுச் செடிகளைப் பற்றி 1969-லேயே தனி நூல் எழுதினார். பின்னர் பழனி மலைத் தாவரங்கள் அனைத்தையும் பற்றிய பெருநூலை 1999-இல் வெளியிட்டு, 2004-இல் இறைவனடி சேர்ந்தார். காட்டுக்குள் போய் மதியோடு திரும்பி வந்த குருவும் உண்டு என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

சோலையின் அடியில் உதிர்ந்த இலையும் பாசியும் மெத்தைபோல் கிடக்கின்றன. பெய்த மழையை அது உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாக விடுகிறது. பேரிஜம் ஏரியின் தண்ணீர்தான் பெரியகுளம் நகரத்தின் தாகம் தீர்க்கிறது. மலையடிவாரத்தில் குடியிருக்கும் நாம், குழாயடியில் குடம் வரிசை நீளும்போது நகராட்சியைத்தான் ஏசுகிறோம். மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பொன்விழா முடிந்ததும் நம் இளைஞர் மன்றத்துத் தம்பிகள் பேரிஜம் போகிறார்களாம். வனத்துறையில் அனுமதிச் சீட்டு வாங்கித் தரவேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். வாங்கித் தருகிறேன், வண்டியில் எனக்கும் ஓர் இடம் போடுங்கள் என்றேன். மதிகெட்டான் அருகே வண்டி நின்றால் நான் சாலையை விட்டு இறங்க மாட்டேன். சாப்பாட்டுக் கூடையை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.