மறுக்கப்பட்ட வாயில்

(சங்க மாணாக்கர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்து இடம் பெறாத இளைஞர் கொள்ளும் மனத்தளர்ச்சியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்துள்ளனர். நம் குடும்பங்களில் சட்டம் பயில்வோர் தொகை பெருகி வருகின்றது. அவருட் சிலர் இளநிலைப் பட்டத்தோடு அமையாது, தேசியச் சட்ட சர்வகலாசாலைகளில் முதுநிலை பயில விரும்பிப் பொது நுழைவுத் தேர்வு எழுதுகின்றனர். இரண்டு மணி நேரம், 120 வினாக்கள், பிழையான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழிவு. பின்னர் ஒருநாள் கைப்பேசித் திரையில் முடிவு வருகின்றது. வரிசை எண் எட்டாத் தொலைவில் இருப்பின் அவ்வீடு வாயடைத்துப் போகின்றது. மாலையில் உறவினர் ஒருவர் நலம் விசாரிக்கத் தொலைபேசியில் அழைப்பார். அவ்விசாரணை புண்ணிலே கோலிட்டது போலாகும்.

இத்தகைய வேளையில் பெரியோர் கூறும் ஆறுதல் பெரும்பாலும் இருவகைத்து. ‘எல்லாம் தலைவிதி’ என்பது ஒன்று. ‘எல்லாம் சூழ்ச்சி, நம்மவர்க்கு எங்கே கொடுப்பார்கள்?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எமக்கு உடன்பாடல்ல. இரண்டும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேளாமல் விட்டுவிடுகின்றன. வாயில் மூடப்பட்டது ஏன்? இடம் சிலவாகவும் வந்தோர் பலராகவும் இருந்தமையாலா? அன்றி, வந்தவர் இன்னார் என்பதற்காகவா? முன்னது ஏமாற்றம், பின்னது அநீதி. ஏமாற்றத்தை அநீதி என்று கருதுபவன் தன் குறையை என்றும் காணான். அநீதியை ஏமாற்றம் என்று கருதுபவனோ தன்மேல் இல்லாத குறையைத் தானே ஏற்றிக்கொண்டு வருந்துவான். மருந்து வேறு வேறாதலின் நோயை முதலில் பிரித்தறிதல் வேண்டும்.

இதனை விளக்க அமெரிக்க நாட்டு அம்மையார் ஒருவர் வரலாற்றைச் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம். அவர் பெயர் பாலி மர்ரே. 1910-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்து, வட கரோலினாவைச் சேர்ந்த டர்ஹாம் என்னும் ஊரில் பள்ளியாசிரியையாகிய தம் பெரியன்னையாரிடம் வளர்ந்தார். (பள்ளியாசிரியர் வீட்டிற் பணமிராது, புத்தகம் இருக்கும். இது எந்நாட்டுக்கும் ஒக்கும் போலும்.) 1933-இல் நியூயார்க்கிலே கல்லூரிப் படிப்பை முடித்து, 1938-இல் வட கரோலினா சர்வகலாசாலையின் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தார். அவ்வாண்டு டிசம்பரில் மறுமொழி வந்தது: அவருடைய இனத்தார் அங்கே சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை என்பது. அச்சர்வகலாசாலைக்கு நிலபுலங்களை எழுதிவைத்த வெள்ளையர் குடும்பத்தின் குருதியே அவர் பாட்டியார் வழியாக அவர் உடலிலும் ஓடிற்று என்பதை இங்கே குறித்தல் தகும். அடிமை முறை செய்த விந்தைகளுள் இஃதொன்று.

வழக்காட விரும்பினார், துணைநிற்கக் கூடியவர்கள் அவ்வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. 1940-இல் வர்ஜீனியா மாகாணத்தில் பேருந்தொன்றில், கறுப்பினத்தாருக்கென ஒதுக்கிய பழுதுற்ற பின்னிருக்கையில் அமர மறுத்துச் சிறைப்பட்டார். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையை அவர் அக்காலத்தே ஊன்றிப் படித்துவந்தார் என்பதும், சிறைக்குள்ளும் அம்முறையைக் கையாள முயன்றார் என்பதும் நமக்கு உவகை தருவன. சட்டம் அறியாமல் இவ்வநீதியோடு பொருதல் இயலாது என்று தெளிந்து, 1941-இல் வாஷிங்டன் நகரிலுள்ள ஹோவார்டு சட்டக் கலாசாலையிற் சேர்ந்தார். இது கறுப்பினத்தார்க்கென விளங்கிய சர்வகலாசாலை. இனிக் கூறப்போகும் ஹார்வர்டு வேறு; பெயரொலியால் மயங்கற்க.

ஹோவார்டிலே நிறத்தால் தடையில்லை. ஆயின் அவ்வகுப்பில் அவரொருவரே பெண். பெண்கள் சட்டம் பயில வருவதேன் என்று தமக்கு விளங்கவில்லை என ஆசிரியர் ஒருவர் முதல் நாளே வகுப்பிற் சொல்ல, உடனிருந்தோர் நகைத்தனராம். நகைத்தவர் அனைவரையும் பின்னிடச் செய்து 1944-இல் அவர் முதல்வராகத் தேறினார். அக்கலாசாலையில் முதல்வராகத் தேறியவர் உபகாரச் சம்பளம் பெற்று ஹார்வர்டுக்கு மேற்படிப்புக்குச் செல்வது வழக்கம். உபகாரச் சம்பளம் அவர்க்கும் கிடைத்தது. இடம் மட்டும் கிடைக்கவில்லை. ஹார்வர்டு சட்டக் கலாசாலை பெண்களைச் சேர்ப்பதில்லை என்று கடிதம் வந்தது. ஆறாண்டுகட்கு முன் நிறம், இப்பொழுது பால்.

அவர் அடுத்துச் செய்தவற்றையே நம் மாணாக்கர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அக்கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருக்கவில்லை. அழுதிருக்கவும் கூடும், அதில் இழுக்கில்லை. முறையீடு எழுதினார். அம்முறையீட்டிற் பணிவும் எள்ளலும் ஒருங்கே விளங்கின. தம் பாலை மாற்றிக்கொள்ளும் வழி தமக்குத் தெரியாமையால், அவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்வதே எளிது என்னும் பொருள்பட வரைந்திருந்தார். ஹார்வர்டின் பழைய மாணாக்கராகிய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் அவர்பொருட்டுக் கடிதம் எழுதினார். நாடாளும் தலைவர் எழுதியும் கதவு அசையவில்லை. ஹார்வர்டு சட்டக் கலாசாலை பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1950-இல்தான்.

ஆயினும், முறையீடு ஒருபுறம் நடக்க, அவர் அவ்வாண்டை வீணே கழியவிடவில்லை. கலிபோர்னியாவிலுள்ள பெர்க்கிலிக்குச் சென்று பயின்று 1945-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். வேலைவாய்ப்பிற் சமவுரிமை என்பது அவர் ஆராய்ந்த பொருள். அவ்வாய்வு அவ்வாண்டே சட்ட ஏடொன்றில் அச்சேறிற்று. நம் பழந்தமிழ் நாட்டிலும் அதியமான் பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது, ஔவையார் வாயில் காவலனிடம் தம் கருத்தை அஞ்சாது கூறிவிட்டு மூட்டை கட்டத் துணிந்தார் என்பதைப் புறநானூறு பயின்றோர் அறிவர். கூற வேண்டியதைக் கூறுதல், புறப்பட வேண்டிய நேரத்திற் புறப்படுதல் ஆகிய இரண்டையும் மர்ரே அம்மையார் ஒருங்கே செய்தார். நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றைச் செய்து மற்றதை விடுகின்றனர். சிலர் ஈராண்டு மூவாண்டு முறையிட்டுக்கொண்டே காலத்தைப் போக்குவர். சிலர் காரணமும் வினவாமல் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு வாழ்நாளெல்லாம் முணுமுணுப்பர்.

இன்னும் ஒன்று. ஹோவார்டில் மாணவியாக இருந்த காலத்தே அவர் ஒரு கட்டுரை எழுதினார். தனித்தனியே வைத்தாலும் சமமாக நடத்தினாற் போதும் என்று 1896-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வேரிலேயே கைவைத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. வகுப்பினர் நகைத்தனர். 25 ஆண்டுக்குள் அத்தீர்ப்பு வீழும் என்று தம் ஆசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனோடு 10 டாலர் பந்தயம் வைத்தார். பத்தே ஆண்டில், 1954-இல், பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அந்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவ்வழக்கை நடத்திய வழக்குரைஞருள் ராபின்சனும் ஒருவர். பழைய மாணவியின் கட்டுரையை எடுத்து அதிலிருந்து பயன்கொண்டோம் என்று அவர் பின்னாளில் தாமே கூறினார். மாகாணங்களின் நிறப்பிரிவினைச் சட்டங்களையெல்லாம் தொகுத்து மர்ரே வெளியிட்ட 700 பக்கங்கட்கு மேற்பட்ட நூலும் அவ்வழக்குரைஞர்கட்குக் கைந்நூலாய்ப் பயன்பட்டது. 1965-இல் யேல் சர்வகலாசாலையில் சட்டத்தில் உயர் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற கறுப்பினத்தாருள் அவரே முதல்வர். வயது ஐம்பத்தைந்தை நெருங்கியிருந்தது. இருபத்து மூன்று வயதில், ‘காலம் கடந்துவிட்டது’ என்று எம்மிடம் கூறும் மாணாக்கர் இதனைக் கேட்பாராக.

இவ்வரலாற்றைக் கேட்டவுடன் நம் இளைஞர் ஒருவர், ‘எனக்கும் அவ்வாறே அநீதி இழைத்துவிட்டனர்’ என்று எழுந்துவிடலாகாது. நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்து இடம் தவறியவனுக்கும் மர்ரே அம்மையார்க்கும் நேர்ந்தது ஒன்றன்று. அவர் முதல்வராகத் தேறியும் மறுக்கப்பட்டார். இவனோ, 120 வினாக்களுள் தான் எத்தனையை ஊகத்தால் விடுத்தான், ஊகத்தால் எத்தனை கால் மதிப்பெண் இழந்தான் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வெண்ணிக்கை கசப்பானது, ஆயினும் அடுத்த ஆண்டு எங்கே உழவேண்டும் என்பதை அதுவே காட்டும்.

தவறிய பொருள் எத்துணைப் பெரிது என்பதையும் அளந்தறிதல் வேண்டும். நீதிமன்றத்தில் வழக்காடுதற்கு முதுநிலைப் பட்டம் வேண்டுவதில்லை. இளநிலைப் பட்டமும், வழக்குரைஞர் மன்றப் பதிவும், அகில இந்திய வழக்குரைஞர் தேர்வில் தேர்ச்சியும் அமையும். முதுநிலை வேண்டுவது முதன்மையாகக் கலாசாலையிற் சட்டம் கற்பிக்க விரும்புவோர்க்கும் ஆராய்ச்சி செய்வோர்க்குமே. உரிமையியல் நீதிபதிப் பதவிக்கு மூன்றாண்டு வழக்குரைஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததை நம்மவர் அறிவர். ஆகவே மூத்த வழக்குரைஞர் ஒருவரிடம் அமர்ந்து கழிக்கும் ஓராண்டைப் பாழ் என்று சொல்வார் தொழிலறியாதார். முதுநிலையே குறிக்கோள் எனின், பொதுத் தேர்வின் வழியன்றித் தாமே மாணாக்கரைச் சேர்க்கும் சர்வகலாசாலைகளும் உள. ஒரு வாயிலையே நோக்கி நின்றவன் கண்ணுக்கு மற்ற வாயில்கள் தென்படா.

நிற்க. தாய்மார்களும் தந்தைமார்களும் முன்னிருக்கும் இவ்வவையில் ஒன்றை மறைக்காமற் சொல்லிவிடுதல் கடன். ‘ஜிம் குரோ’ என்பது அமெரிக்காவில் நிறப்பிரிவினைக்கு வழங்கிய பெயர். பெண் என்பதற்காகத் தம்மைத் தடுத்த தடைக்கு மர்ரே அம்மையார் ‘ஜேன் குரோ’ என்று பெயரிட்டார். அத்தடை ஹார்வர்டு வாயிலில் 1950-இல் நீங்கியது. நம் வீட்டு வாயில்களில் நீங்கிவிட்டதா? பம்பாய் மாகாணத்திற் பிறந்த கார்னீலியா சொராப்ஜி அம்மையார் 1892-இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதியும், பட்டத்தைக் கையிற் பெற ஏறத்தாழ முப்பதாண்டு காத்திருந்தார். அவரைத் தடுத்தது சர்வகலாசாலையின் விதி. இன்று நம் சமூகத்துப் பெண்ணொருத்தி நல்ல வரிசை எண் பெற்றுப் பெங்களூரிலோ போபாலிலோ இடம் கிடைத்துங்கூட, ‘அவ்வளவு தொலைவு வேண்டாம்; உள்ளூரிற் கிடைத்தாற் பார்ப்போம்’ என்று மறுமொழி கூறுபவர் யார்? பிள்ளை குறைந்த மதிப்பெண்ணுடன் மூன்றாம் முறை எழுதப் பணங்கட்டும் அதே கையன்றோ, பெண்ணுக்கு வந்த அழைப்பை மடித்து வைக்கின்றது? பிள்ளைக்கு நேர்ந்தது ஏமாற்றம். பெண்ணுக்கு நேர்ந்தது எவ்வகை என்பதை, முன்னர்க் கூறிய பாகுபாட்டைக் கொண்டு நீங்களே துணிவீர்களாக. நுழைவுத் தேர்வில் அப்பெண் தோற்கவில்லை. அவள் பெயர் பட்டியலில் இருந்தது.

எம்மிடம் பயின்ற மாணவியர் இருவர் இந்நிலையில் உள்ளனர். பெயர் கூறோம். அவர்தம் தந்தையார் இங்கிருப்பின் தம்மைப் பற்றியே பேசுகின்றோம் என்பதை அறிவர். சினம் கொள்வராயின் கொள்க. பின்னர் ஆறியமர்ந்து பேசுவோம்.

மர்ரே அம்மையார் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1978-இல், நாற்பதாண்டுக்கு முன் நிறங்காட்டி மறுத்த அதே வட கரோலினா சர்வகலாசாலை அவர்க்குக் கௌரவப் பட்டம் அளிக்க முன்வந்தது. நம்மவராயின் மாலை மரியாதையோடு ஊர்வலமே போயிருப்போம். அவர் ஏற்கவில்லை. அந்நாளிலும் அந்நிறுவனம் இனச்சமத்துவத்தில் செய்யவேண்டுவனவற்றை முழுதும் செய்யவில்லை என்பது அவர் கருத்து. 1985-இல் அவர் மறைந்தார். 2017-இல் யேல் சர்வகலாசாலை தன் மாணவர் இல்லங்களுள் ஒன்றனை அவர் பெயராலே திறந்தது. ஹார்வர்டிற் படிக்கும் விருப்பமோ அவர்க்கு இறுதிவரை நிறைவேறவேயில்லை. மறுக்கப்பட்டவர் எல்லார்க்கும் அதே வாயில் பின்னர்த் திறக்கும் என்று யாம் பொய்யுரைக்க விரும்பவில்லை.

இவ்வாண்டு இடம் பெறாத மாணாக்கர் யாவரும், இடம் பெற்றும் வீட்டில் விடை பெறாத மாணவியரும், சங்க வாசகசாலைக்கு மாலை வேளையில் வருக. மதிப்பெண் தாளையும் சர்வகலாசாலைகளிலிருந்து வந்த மறுமொழிகளையும் கொணர்க. ஒவ்வொன்றாகப் பார்த்து, எங்கே திருத்த வேண்டும், எங்கே முறையிட வேண்டும், எங்கே வேறிடம் நாட வேண்டும் என்று உடனிருந்து ஆய்வோம். தந்தையார் உடன் வருதல் நன்று. தாயாரும் வருவராயின் அதனினும் நன்று.