நோய்க்குத் தவணை இல்லை
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



சிறுநீரகம் செயலிழந்தவர் பொதுவாக வாரத்திற்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ள வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் ஆயுள் முழுவதும் இது தொடரும். ஆனால் அறக்கட்டளைகளின் நிதியோ பெரும்பாலும் ஓராண்டு, மூன்றாண்டு என்று தவணை வைத்தே வருகிறது. தவணை முடிந்துவிட்டது என்பதற்காக இயந்திரத்தை நிறுத்த முடியுமா?

சிங்கப்பூரில் அறக்கொடை புதிதல்ல. வணிகர் டான் டோக் செங் கொடுத்த பணத்தில் ஏழை நோயாளிகளுக்கான மருத்துவமனைக்கு 1844ல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடம் எழுப்ப ஒருவரின் கொடை போதும். அங்கே படுத்திருப்பவருக்கு அன்றாடம் உணவும் மருந்தும் கொடுக்க ஊரே கைகொடுக்க வேண்டும்.

இந்தத் தேவையை உணர்ந்துதான் 1983ல் கம்யூனிட்டி செஸ்ட் தொடங்கப்பட்டது. சமூக சேவை அமைப்புகள் நிதிக்காக அலையாமல் சேவையில் கவனம் செலுத்தட்டும் என்பதே நோக்கம். அதன் நிதி திரட்டும் செலவைப் பந்தயப் பிடிப்புக் கழகம் ஏற்றுக்கொள்வதால், கொடுக்கும் வெள்ளி முழுவதும் உதவி தேவைப்படுவோருக்கே போய்ச் சேருகிறது.

பணத்தைவிட அரியது நம்பிக்கை. 2005 ஜூலையில் நடந்த அவதூறு வழக்கில், தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் அன்றைய தலைமை நிர்வாகி ஆண்டுக்கு ஏறத்தாழ 600,000 வெள்ளி ஊதியம் பெற்றது வெளிவந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். நிர்வாகக் குழு பதவி விலகியது. ஆயிரக்கணக்கானோர் தங்கள் மாத நன்கொடையை நிறுத்தினர். அவர்களின் கோபம் நியாயமானதே. ஆனால் இயந்திரத்தின் அருகே படுத்திருந்த நோயாளி என்ன தவறு செய்தார்?

அந்த அதிர்ச்சிக்குப் பின் விதிகள் இறுகின. 2007ல் அறநிறுவனச் சட்டம் திருத்தப்பட்டது. அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறையும் வந்தது. வரிக்கழிவுத் தகுதி பெற்ற அறநிறுவனம் திரட்டும் நிதியில், திரட்டும் செலவு 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆயினும் விதி மட்டும் காவல் காக்காது. கொடுப்பவரும் கணக்கைக் கேட்க வேண்டும்.

கேட்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. தாதியின் சம்பளமும் நிலையத்தின் வாடகையும் வீண்செலவு அல்ல. தாதி இல்லாமல் இயந்திரம் மட்டும் நோயாளியைக் காப்பாற்றாது. புதிய திட்டத்திற்கு மட்டுமே பணம் தருவோம் என்னும் அறக்கட்டளைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிறுதுளி பெருவெள்ளம் என்பதை இந்தியச் சமூகம் அனுபவத்தில் அறியும். 1991ல் அமைந்த சிண்டாவுக்கு, வருமானத்திற்கேற்ப மாதச் சம்பளத்திலிருந்து 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை செல்கிறது. அதில் பிள்ளைகள் படிக்கிறார்கள், குடும்பங்கள் நிமிர்கின்றன. அதே பழக்கம் நோயாளிகளுக்கும் முதியோருக்கும் விரிய வேண்டும். தீபாவளிக்கு ஒருமுறை கொடுக்கும் 120 வெள்ளியைவிட, மாதந்தோறும் தவறாமல் வரும் 10 வெள்ளியை நம்பித்தான் ஒரு நிலையம் அடுத்த மாதத்திற்குத் திட்டமிட முடியும்.

கணக்கைக் கேட்டுக் கொடுங்கள். கொடுத்தால் தொடர்ந்து கொடுங்கள்.